சத்தமான வேலை

பின்னாளில் 'வேலை அக்கா' சுருங்கி எல்லாருக்கும் வேலைக்கா ஆனவள், அதற்கு முன் பதினாறு வருடம் வீடு வீடாகப் போய்க் குக்கர் விற்றவள். கதவு பாதி திறந்து மறுபடி சாத்துவதற்குள், இவர் அடுத்த மாதம் வாங்குவாரா, இந்த ஜென்மத்தில் வாங்கமாட்டாரா என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். நாய் குரைத்தால் நாயின் பெயரைக் கேட்பாள். "எங்க வீட்டுல ஏற்கெனவே குக்கர் இருக்கு" என்றால், "அப்ப அதோட அருமை உங்களுக்குத் தெரியும், நான் சொல்லணும்னே இல்ல" என்று பேசிக்கொண்டே பையைத் திறந்துவிடுவாள்.

ஒரு நாள் அந்தக் கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். நாற்பத்தாறு வயதில் வேலை தேடி அலைந்தவள், மனநல மருத்துவமனை ஒன்றில் எழுத்தர் வேலை காலியாக இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனாள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த டாக்டரம்மா இவளைக் கண்டதும் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்கதானே எனக்கு அந்த ரெண்டாவது குக்கரை வித்தது?"

"ஆமா டாக்டர். நல்லா உழைக்குதா?"

"நான் சமைக்கறதே இல்லம்மா. அதை எப்படி வாங்கினேன்னு இன்னி வரைக்கும் எனக்குப் புரியல." டாக்டர் விண்ணப்பத்தை ஓரமாகத் தள்ளி வைத்தார். "எழுத்தர் வேலையை விடுங்க. உங்களுக்குன்னே ஒரு வேலை இருக்கு."

கடுமையான மனநோயோடு வாழ்கிறவர்களுக்கு வெளியே, எல்லாரும் வேலை பார்க்கிற இடங்களிலேயே வேலை தேடித் தருவது, தந்த பிறகு அது கைநழுவாமல் கூடவே நிற்பது. இதுதான் அந்த வேலை. இவளுக்கு முன் முதலாளிகளைப் பார்க்கப் போன இரண்டு பேர் முகத்தில் கதவடி பட்டு ஒரு மாதத்துக்குள் விலகியிருந்தார்கள். கதவடி படுவதையே பிழைப்பாக வைத்திருந்த ஒருத்தியைத்தான் டாக்டர் தேடிக்கொண்டிருந்தார்.

வேலைக்கா முதல் இரண்டு மாதத்தில் ஒன்பது பேருக்கு வேலை வாங்கிக் கொடுத்தாள். மருத்துவமனையே மூக்கில் விரலை வைத்தது. மூன்றாவது மாதம் அந்த ஒன்பதில் எட்டுப் பேர் திரும்பி வந்துவிட்டார்கள். ஓவியம் வரைகிறவரைக் கணக்கெழுதும் இடத்தில் உட்கார வைத்திருந்தாள். கூட்டத்தைக் கண்டால் கை நடுங்குகிறவரைச் சந்தையில் நிறுத்தியிருந்தாள்.

"குக்கரை வித்துட்டு வந்தா திரும்பிப் பார்க்க வேண்டாம். அதுக்கு எங்க இருக்கப் பிடிக்கும்னு கேக்கவும் வேண்டாம். அந்தப் பழக்கத்துலயே இருந்துட்டேன்" என்று வீட்டில் புலம்பினாள்.

அவள் கணவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். "ஏறும்போதே எந்த மாடின்னு கேட்டிருக்கணும்" என்றார், சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

அதற்குப் பிறகுதான் நெட்டைத் தம்பி வந்தான்.

மருத்துவமனையில் அவள் தம்பி என்று கூப்பிடுகிறவர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். இவன் ஆறடிக்கு மேல் இருந்ததால் நெட்டைத் தம்பி. வயது முப்பத்து நான்கு. பத்தொன்பது வயதில் மனச்சிதைவு நோய் வந்து படிப்பு பாதியில் நின்றுபோனது. அம்மாவும் அவனும் மட்டும் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் குடியிருந்தார்கள். மருந்து நோயைப் பெரும்பாலும் கட்டுக்குள் வைத்திருந்தது. ஆனால் காதில் கேட்கிற குரல்கள் மட்டும் முழுதாகப் போகவில்லை. பதினைந்து வருடமாக அவனுக்கென்று ஒரு வேலை இருந்ததில்லை.

"இவனுக்கு எந்தத் தொந்தரவும் இல்லாத அமைதியான இடமாப் பாருங்க" என்றார் அம்மா. டாக்டரும் அதுதான் சரி என்றார். வேலைக்கா சல்லடை போட்டுத் தேடி, ஒரு பெரிய அலுவலகத்தின் பழைய கோப்பு அறையில் இடம் பிடித்தாள். அங்கே ஊசி விழுந்தால் கேட்கும். கோப்புகளை எண்வாரியாக அடுக்கவேண்டும், அவ்வளவுதான். "பிடிச்சிருக்கா தம்பி?" என்று மறக்காமல் கேட்டாள். அவன் தலையாட்டினான்.

நான்காம் நாள் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்து போய்விட்டான்.

வேலைக்கா விழுந்தடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். அம்மா கதவைத் திறந்து, "எதுவும் இவனுக்கு ஒத்துவராதும்மா. நீங்களும் எத்தனை நாள் மல்லுக்கட்டுவீங்க, விட்டுடுங்க" என்றார். தம்பி வீட்டில் இல்லை. "கீழ மோட்டார் ரூம்ல இருப்பான். தண்ணி ஏத்தற நேரத்துல அங்கதான் போய் உக்காந்திருப்பான், பைத்தியக்..." என்று தொடங்கியவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கட்டடத்தின் தண்ணீர் மோட்டார் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் நெட்டைத் தம்பி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். நடக்கும்போதுகூடக் கழுத்துக்குள் புதைந்திருக்கும் அவன் தோள்கள் அங்கே தளர்ந்து இறங்கியிருந்தன.

"இங்க என்ன தம்பி பண்றீங்க?"

"சத்தம் நல்லா இருக்கு அக்கா."

மோட்டார் நிற்கும்வரை காத்திருந்து அவன் விளக்கினான். குரல்கள் மூன்று. "ஒருத்தர் திட்டுவார். இன்னொருத்தர் நான் செய்யறதை எல்லாம் வர்ணனை மாதிரி சொல்லிக்கிட்டே இருப்பார், இப்ப கதவைத் திறக்கறான், இப்ப கோப்பை எடுக்கறான்னு. மூணாவது ஒரு பொம்பள. அவங்க சும்மா சிரிப்பாங்க, அவ்வளவுதான். சுத்தி சத்தமா இருந்தா மூணு பேரும் அமுங்கிடுவாங்க. அந்தக் கோப்பு ரூம்ல மூணு பேரும் வாயே மூடல அக்கா."

வேலைக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன தம்பி?"

"நீங்க எல்லாரும் அமைதியான இடம், அமைதியான இடம்னு அவ்வளவு சந்தோஷமா சொன்னீங்க. அதைக் கெடுக்க மனசு வரல."

மறுநாளிலிருந்து வேலைக்கா ஊரில் சத்தத்தைத் தேட ஆரம்பித்தாள். தெருவில் நடக்கும்போது காதைத் தீட்டிக்கொண்டு நடந்தாள். மர அறுவை மில் கேட்பதற்கு அருமையாக இருந்தது, ஆனால் மருந்து சாப்பிடுகிறவர் ரம்பத்துக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அச்சகத்தில் மை வாடை தம்பிக்குக் குமட்டியது. பத்தாவது நாள் ஒரு பெரிய ஹோட்டலின் பின்வாசல் பக்கம் போனபோது தரைக்கு அடியிலிருந்து ஏதோ உறுமியது. படியிறங்கிப் போய்க் கதவைத் தள்ளினாள். சலவைப் பிரிவு. எட்டுப் பெரிய துவைக்கும் இயந்திரங்கள் ஒன்றையொன்று மிஞ்சிக் கத்திக்கொண்டிருந்தன. அவள் மூக்குக்கண்ணாடி அதிர்ந்து மூக்கைவிட்டு இறங்கியது. வேலைக்காவுக்கு அந்த இடத்தை அப்படியே கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

ஆனால் உடனே பேச்சைத் தொடங்கவில்லை. முதலில் நெட்டைத் தம்பியை அழைத்துவந்து காட்டினாள். அவன் கதவருகே நின்று இரண்டு நிமிடம் கேட்டான். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "இங்க அவங்க ஜம்பம் சாயாது அக்கா" என்றான்.

"முதலாளிகிட்ட உங்களைப் பத்தி என்ன சொல்லலாம், என்ன சொல்லக்கூடாது? நீங்க சொல்றதுதான்."

அவன் யோசித்தான். "மருந்து சாப்பிடறேன், காலையில எந்திரிக்க முடியாதுன்னு சொல்லுங்க. குரல் விஷயம் வேண்டாம்."

சலவைப் பிரிவின் சூப்பர்வைசர் அம்மா ஐந்தடிகூட இல்லை. ஆனால் அந்த இரைச்சலுக்கு மேலே இருபது வருடம் கத்திப் பழகிய குரல். வேலைக்காவும் சளைத்தவள் இல்லை. பேச்சுவார்த்தை முழுக்கக் கூச்சலிலேயே நடந்தது.

"பதினோரு மணிக்குத்தான் வருவாரா?"

"ஆமா! ஆனா வந்துட்டா ஏழு மணி வரைக்கும் நகர மாட்டார்!"

"எனக்குச் சாயங்கால ஆளே கிடைக்கல! எல்லாரும் விடியக்காலையில வந்துட்டு ரெண்டு மணிக்கு ஓடிடறாங்க!"

"அப்ப இவர் உங்களுக்காகவே பொறந்தவர்!"

"ரெண்டு வாரம் பாக்கறேன்! சரிப்பட்டு வரலைன்னா நீங்க மறுபடி இந்தப் படியில இறங்கக்கூடாது!"

இரண்டு வாரத்தில் ஒரு விஷயம் தெரியவந்தது. இரட்டைக் கட்டில் விரிப்பை மடிக்க எப்போதும் இரண்டு பேர் வேண்டும். நெட்டைத் தம்பி இரண்டு கையையும் விரித்தால் அது தரையைத் தொடாமல் நின்றது. ஒரே ஆளாக மடித்துவிட்டான். சூப்பர்வைசர் அம்மா மற்றப் பிரிவு ஆட்களைக் கூப்பிட்டு வந்து காட்டினார். இஸ்திரி போடுகிற மாமா, அந்தப் பிரிவிலேயே மூத்தவர், வாய் ஓயாதவர், "நமக்குக் கொடிக்கம்பமே கிடைச்சிருக்குப்பா" என்றார்.

வேலைக்கா இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பாள். மாமா கொடுக்கும் டீயைக் குடித்துவிட்டு, தம்பியோடு பத்து நிமிடம் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டு வருவாள். முதல் சம்பளத்தில் அவன் தன் அம்மாவுக்குச் செருப்பு வாங்கினான். அளவு தப்பு. அம்மா அதையே போட்டுக்கொண்டு நடந்தார். இப்படியே ஏழு மாதம் போனது.

எட்டாம் மாதம் ஹோட்டல் நிர்வாகத்துக்குத் தாராள மனசு வந்துவிட்டது. பழைய இயந்திரங்களைத் தூக்கிவிட்டுப் புத்தம்புதியவற்றைக் கொண்டுவந்து இறக்கினார்கள். மூன்று வாரம் கழித்து வேலைக்காவுக்குப் போன் வந்தது.

"உங்க ஆளு என்னைப் பார்த்து வாயை மூடுன்னு கத்தினார்" என்றார் சூப்பர்வைசர் அம்மா. குரல் கம்மியிருந்தது. "விரிப்பை எல்லாம் வீசிட்டுப் போயிட்டார். நல்ல பிள்ளைன்னு நினைச்சேன்."

தம்பி வீட்டில் போர்வைக்குள் இருந்தான். மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. தூக்கமும் இல்லை. அன்றே டாக்டரம்மா அவனை மருத்துவமனையில் சேர்த்தார். பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும் என்றார். அம்மா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, "நான்தான் அப்பவே சொன்னேனே" என்றார். இவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி வேலைக்கா கேட்டதில்லை.

அவள் நேராகச் சலவைப் பிரிவுக்குப் போனாள்.

"உடம்பு சரியில்லாம ஆஸ்பத்திரியில இருக்கார். பன்னிரண்டு நாள் லீவு கொடுங்க."

"அந்தப் பன்னிரண்டு நாளும் சாயங்காலம் யாரு மடிக்கறது? வேற ஆளை எடுத்துக்கறேன், விடுங்க."

"போன வருஷம் உங்க இஸ்திரி மாமா கால் ஒடிஞ்சு ஆறு வாரம் படுத்திருந்தாராமே. அப்ப வேற ஆளை எடுத்தீங்களா?"

சூப்பர்வைசர் அம்மா இஸ்திரி மேசைப் பக்கம் பார்த்தார். மாமா அவசரமாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

"கால் ஒடிஞ்சது கண்ணுக்குத் தெரிஞ்சது. இது தெரியல, அவ்வளவுதான். ஆள்தானே வேணும்? சாயங்காலத்துல நானே வந்து மடிக்கறேன்."

வாய்விட்டுச் சொல்லிவிட்டாளே ஒழிய, மடிப்பது அவளுக்குச் சுட்டுப்போட்டாலும் வரவில்லை. விரிப்பின் ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனை தரையைக் கூட்டியது. முதல் நாள் அவள் மடித்தவற்றில் பாதியை மறுபடி துவைக்கப் போட்டார்கள். "உதவிக்கு வந்தீங்களா, உபத்திரவத்துக்கு வந்தீங்களா?" என்றார் மாமா. இரண்டாம் நாள் கொஞ்சம் தேவலை.

மூன்றாம் நாள், தலையணை உறைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, எங்கோ குழாயில் தண்ணீர் சொட்டுவது அவள் காதில் விழுந்தது. சுவர்க் கடிகாரம் டிக் டிக் என்றது. மாமா மூக்கை உறிஞ்சியதுகூடக் கேட்டது. வேலைக்கா கையிலிருந்த உறையைக் கீழே வைத்தாள்.

"மாமா, இங்க எப்பலேர்ந்து இவ்வளவு அமைதி?"

"புது மெஷின் வந்ததுலேர்ந்து! ஓடுதா இல்லையான்னே தெரியல பாத்தீங்களா? வீட்டுல போய்க் கத்திப் பேசறேன்னு என் பொண்டாட்டி தினமும் திட்டுவா. இப்ப அந்தத் திட்டு நின்னுபோச்சு!"

எல்லாருக்கும் வரமாக வந்த இயந்திரம் ஒருவனை மட்டும் மறுபடி கோப்பு அறைக்குள் தள்ளிவிட்டிருந்தது. அதைச் சொல்ல அவளுக்கு நாக்கு துறுதுறுத்தது. ஆனால் சொல்லும் உரிமை அவளுக்கு இல்லை. மறுநாள் காலை மருத்துவமனைக்குப் போய்த் தம்பியின் கட்டிலருகே உட்கார்ந்தாள். மருந்தின் அளவை மாற்றியிருந்தார்கள், முகம் தெளிய ஆரம்பித்திருந்தது.

"மெஷினா தம்பி?"

அவன் தலையாட்டினான். "எல்லாரும் ரொம்பச் சந்தோஷமா இருந்தாங்க அக்கா."

"உங்களோட இதே ரோதனை. அடுத்தவங்க சந்தோஷமா இருந்தா வாயைத் தைச்சுக்கறீங்க." கோபமாகச் சொல்லத்தான் நினைத்தாள், கண் கலங்கிவிட்டது. "வேலை வேணுமா, வேண்டாமா? வேண்டாம்னா வேற தேடலாம், ஒண்ணும் குடி முழுகிடாது."

"வேணும். அந்த வேலைதான் வேணும்." கொஞ்ச நேரம் போர்வை ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தான். "குரல் விஷயத்தைச் சொல்லிடலாம். நீங்க சொல்ல வேண்டாம். நானே சொல்றேன்."

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் தம்பி அவளோடு படியிறங்கினான். சூப்பர்வைசர் அம்மாவும் மாமாவும் மடிப்பு மேசையருகே நின்றிருந்தார்கள். நெட்டைத் தம்பி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, பாடம் ஒப்பிப்பதுபோல ஆரம்பித்தான். நோயின் பெயரைச் சொன்னான். மூன்று குரல்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னான். பழைய இயந்திரங்கள் தனக்கு என்ன செய்தன என்று சொன்னான். சொல்லி முடிக்கும்போது சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

புது இயந்திரங்கள் மூச்சுக்காட்டாமல் ஓடின.

"அப்ப அன்னிக்கு வாயை மூடுன்னது என்னை இல்லையா?" என்றார் சூப்பர்வைசர் அம்மா.

"இல்லம்மா. அந்த வர்ணனைக்காரரை."

"அடப்பாவி! நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணினேன்னு தலையைப் பிச்சுக்கிட்டு இருந்தேனே!"

மாமாவுக்கு வேறு சந்தேகம். "தம்பி, அந்தச் சிரிக்கற பொம்பள, அது என்னைப் பத்தி ஏதாவது சொல்லியிருக்கா?"

"இல்ல மாமா. உங்களைப் பத்தி ஒண்ணும் சொன்னதில்ல."

"அதானே பாத்தேன். என்னை யாருமே கண்டுக்கறதில்ல."

முதலில் சிரித்தது நெட்டைத் தம்பிதான். அவன் சிரித்த பிறகுதான் மற்றவர்களுக்குச் சிரிக்கத் தைரியம் வந்தது.

தம்பி காதில் மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்கலாமா என்று வேலைக்கா கேட்டாள். வேலை நேரத்தில் காதில் எதையும் மாட்டக் கூடாதென்பது ஹோட்டல் விதி என்றார் சூப்பர்வைசர் அம்மா. பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராக அவர்களைப் பின்னறைக்கு அழைத்துப் போனார். கம்பளி உலர்த்துகிற கிழட்டு இயந்திரம் ஒன்று அங்கே இருந்தது. நிர்வாகம் இதை மட்டும் மாற்ற மறந்துவிட்டிருந்தது. விசையைத் தட்டியதும் அது தகரக் கூரையில் கல்மழை பெய்தாற்போல் எழுப்பிய சத்தத்தில் மாமா காதைப் பொத்திக்கொண்டார்.

"இது பக்கத்துல நிக்கறதுக்கு எவனும் ஒத்துக்கமாட்டான்!" என்று பழைய குரலில் கத்தினார் சூப்பர்வைசர் அம்மா. "கம்பளி எல்லாம் குவிஞ்சு கிடக்கு! நீ பாத்துக்கறியா?"

நெட்டைத் தம்பியின் தோள்கள் ஏற்கெனவே இறங்கியிருந்தன.

கிழட்டு இயந்திரம் இன்னும் பதினாலு மாதம் ஓடியது. இடையில் இரண்டு தடவை மூச்சை விட்டது. வேலைக்கா தன் கணவரை விடுமுறை நாளில் இழுத்துவந்து உயிர் கொடுக்க வைத்தாள். "நான் லிஃப்ட் மெக்கானிக்" என்று அவர் சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. மூன்றாவது தடவை அது எழுந்திருக்கவே இல்லை. சூப்பர்வைசர் அம்மா பதறிப்போய்ப் போன் செய்தார். வேலைக்கா பேருந்து பிடித்து ஓடிவந்தாள். வந்து பார்த்தால் தம்பியே வழி கண்டுபிடித்துவிட்டிருந்தான். தன் மேசையை மாமாவின் இஸ்திரி மேசையோடு ஒட்டிப் போட்டிருந்தான்.

"மாமா காலையிலேர்ந்து நிறுத்தாம பேசறார் அக்கா. அவர் பேச்சுல அவங்க நுழைய முடியல."

மாமா அதற்குள் தன் மூத்த மருமகன் வீடு கட்டிய கதையை அஸ்திவாரத்திலிருந்து ஆரம்பித்திருந்தார். முப்பது வருடத்தில் முதல்முறையாக ஒரு ஆள் தன் பேச்சை நின்று கேட்கிறான் என்ற பூரிப்பு அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. மாமா பேசாத நாட்கள் தம்பிக்குச் சிரமமான நாட்கள்தான். அன்றைக்கெல்லாம் சூப்பர்வைசர் அம்மாவிடம் சொல்லிவிட்டுச் சமையலறைப் பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போய் அரைமணி நேரம் நின்றுவிட்டு வருவான். அந்த ஏற்பாடு அவர்கள் இரண்டு பேரும் பேசி முடித்தது. வேலைக்காவுக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

இப்போது அவனுக்கு அங்கே நான்காவது வருடம். நடுவில் இன்னொரு தடவை ஒரு வாரம் மருத்துவமனையில் இருந்தான். அப்போது அவன் இடத்தைப் பற்றி யாரும் கேள்வியே எழுப்பவில்லை. மாமா மட்டும் பார்க்க வந்து, நர்ஸ் வெளியே அனுப்பும்வரை பேசிவிட்டுப் போனார்.

வேலைக்கா அங்கே போவது குறைந்துவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போனால் பெரிது. அவளுக்கு வேறு தம்பிகளும் தங்கைகளும் வந்துவிட்டார்கள். இந்த வாரம் வேலை வேண்டி வந்திருக்கிற பெண்ணுக்கு மனிதர்களைவிட டயர்களைப் பிடிக்குமாம். வேலைக்கா மூன்று பட்டறைகளில் கேட்டுவிட்டாள், மூன்றிலும் போய்விட்டு வா என்றார்கள். நான்காவது பட்டறை வாசலில் நின்றுகொண்டிருந்தபோதுதான் நெட்டைத் தம்பியின் அம்மாவிடமிருந்து போன் வந்தது.

வேலைக்கா வாசலைவிட்டுத் தள்ளி வந்தாள். "என்னம்மா? தம்பிக்கு என்ன?"

"என்னத்தச் சொல்ல. லீவு நாள்ல வீட்டுலயே தங்கறதில்ல. கூட வேலை பாக்கறவங்களோட சினிமாவாம். கேட்டா எதிர்த்துப் பேசறான். நேத்து ஒரு சட்டை வாங்கிட்டு வந்திருக்கான் பாருங்க, பச்சை. கண்ணைக் குத்தற பச்சை! என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. நீங்க கொஞ்சம் சொல்லி வைக்கக் கூடாதா?"

"சட்டை விஷயத்துல எல்லாம் நான் தலையிட முடியாதும்மா."

அந்தப் பக்கம் துணியை உதறுகிற சத்தம் கேட்டது.

"உயரமா இருக்கானா, அவனுக்கு அது எடுப்பாத்தான் இருக்கு" என்றார் அம்மா. "நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."